ஐப்பசியில் பூக்கும் டெய்சி

மொண்டெல்லோவுக்கு எல்லாரும் ஆடி ஆவணியில்தான் போவார்கள். நாங்கள் போனது ஐப்பசியில். ஜெர்மனியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இலையுதிர்கால விடுமுறை, பலெர்மோவில் சின்னம்மா வீடு, விமான ரிக்கெற்றும் மலிவு. கடற்கரையில் கோடைக்காலத்தில் வரிசையாக நிற்கும் மரக் கபின்கள் கழற்றப்பட்டுவிட்டன. ஐஸ்கிரீம் கடைகளில் பாதி பூட்டிக் கிடந்தன. முதல் இரண்டு நாளும் மழை. மூன்றாம் நாள் வெயில் வந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு மொன்டே பெல்லெக்ரினோ மலையின் அடிவாரப் பக்கம் நடந்தேன்.

மகளுக்கு ஏழு வயது. அவள்தான் முதலில் கண்டது.

"அப்பா, இது எங்கட வீட்டுப் பூ. ஆனா காலை நீட்டிட்டுது."

ஜெர்மனியில் எங்கள் வீட்டுப் பின்பக்கப் புல்தரையில் வருடம் முழுக்கப் பூக்கிற சின்ன வெள்ளை டெய்சியைத்தான் 'எங்கட வீட்டுப் பூ' என்கிறாள். அதே வெள்ளை இதழ், அதே மஞ்சள் நடு. ஆனால் தண்டு அவள் முழங்கால் வரை வந்து நின்றது. நான் கைபேசியை எடுத்து மேலிருந்து ஒரு படம் பிடித்தேன். பூவை அடையாளம் காட்டும் செயலி ஒரு நொடியில் 'பெல்லிஸ் பெரென்னிஸ்', அதாவது சாதாரண டெய்சி என்றது. "பார், உங்கட வீட்டுப் பூதான்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. இரவு சின்னம்மா வீட்டில் உட்கார்ந்து தாவரவியல் விவரங்களைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, பிழை என்னுடையது, அவள் சொன்னதுதான் சரி.

இது பெல்லிஸ் சில்வெஸ்ட்ரிஸ். சாதாரண டெய்சியின் அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். மத்தியதரைக்கடலைச் சுற்றிய நாடுகளில் வளரும் காட்டு டெய்சி, இத்தாலியர்கள் 'இலையுதிர்கால மார்கெரிட்டா' என்று கூப்பிடுவது. பல்லாண்டுச் செடி.

செயலி ஏன் பிழைத்தது என்று யோசித்தால், அதன் மேல் கோபப்பட நியாயமில்லை. மேலிருந்து பார்த்தால் இரண்டு பூவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் எல்லாம் பூவுக்குக் கீழே இருக்கிறது. நான் கொடுத்த படத்தில் கீழே எதுவுமே இல்லை. மென்பொருள் வேலை செய்கிறவனுக்கு இது புது விஷயமா என்ன, உள்ளே போடாத தகவல் வெளியே எப்படி வரும்?

அடுத்த நாள் திரும்பப் போய்க் குந்தியிருந்து பார்த்தோம். நீங்களும் பார்ப்பதானால் முதலில் இலையைப் பாருங்கள். இரண்டு டெய்சிக்கும் இலைகள் தரையோடு ஒட்டி வட்டமாக விரிந்திருக்கும், தண்டில் ஒரு இலைகூட இருக்காது. சாதாரண டெய்சியின் இலை சின்னக் கரண்டி மாதிரி. அகன்ற தலை சட்டென்று ஒடுங்கிக் காம்பாகிவிடும். சில்வெஸ்ட்ரிஸின் இலை நீளம், காம்பை நோக்கி மெதுமெதுவாக ஒடுங்கும், எங்கே இலை முடிகிறது எங்கே காம்பு தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. அந்த இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் அடியிலிருந்து நீளவாக்கில் மூன்று நரம்புகள் தெரியும். சாதாரண டெய்சியில் தெளிவாகத் தெரிவது நடு நரம்பு ஒன்றுதான். எங்களுக்கு நம்பிக்கை தந்தது இந்த மூன்று நரம்புதான். மகள் அதை மூன்று தடவை எண்ணினாள்.

பிறகு பூவின் அடிப்பக்கம். பூந்தலையைத் தாங்கிப் பிடிக்கும் பச்சைச் செதில்கள் இருக்கின்றனவே, அவை சாதாரண டெய்சியில் நுனி மழுங்கியவை. இதில் நீண்டு கூராக முடியும். தண்டில் மெல்லிய மயிர். உயரம் ஒரு சாண் முதல் நாற்பது சென்ரிமீற்றர் வரைகூடப் போகும். பூவும் பெரிசு, இரண்டு முதல் நான்கு சென்ரிமீற்றர் அகலம். இதழின் பின்பக்கம் பெரும்பாலும் செம்ஊதா சாயம் பூசினமாதிரி இருக்கும், ஆனால் அதை மட்டும் நம்பவேண்டாம், வீட்டு டெய்சியிலும் அந்தச் சிவப்பு வருவதுண்டு.

மூன்றாவதாக ஒரு தங்கச்சியும் அங்கே உண்டு, பெல்லிஸ் அன்னுவா. அது ஓராண்டுச் செடி, விரல் உயரம், தண்டின் அடிப்பகுதியிலும் இலை வரும். மாரி கழிந்து வசந்தம் வரும்போது கூட்டமாகப் பூத்துவிட்டு, விதையைப் போட்டுவிட்டுச் செத்துப்போகும். கோடையை அது பார்ப்பதே இல்லை.

சில்வெஸ்ட்ரிஸ் பார்க்கிறது. இந்தச் செடியில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டன் ரவுன்கியர் என்ற தாவரவியலாளர் செடிகளைப் பூவை வைத்துப் பிரிக்காமல் வேறொரு கேள்வி கேட்டுப் பிரித்தார். கெட்ட காலம் வரும்போது இந்தச் செடி தன் அடுத்த துளிரை எங்கே ஒளித்து வைக்கிறது? மரம் உயரத்தில், கிளையில் வைக்கிறது. வெங்காயம் மண்ணுக்குள் வைக்கிறது. ஓராண்டுச் செடி விதைக்குள் வைத்துவிட்டுத் தான் போய்ச் சேர்கிறது. டெய்சி போன்றவை மண்மட்டத்திலேயே, பாதி மறைந்தும் பாதி தெரிந்தும் வைக்கின்றன. அதனால் அவற்றுக்கு 'பாதி மறைந்தவை' என்று பொருள்படும் கிரேக்கப் பெயரைக் கொடுத்தார். வட ஐரோப்பாவில் கெட்ட காலம் என்றால் பனி. சிசிலியில் கெட்ட காலம் என்றால் கோடை. சித்திரை கழிந்தால் மழை அநேகமாக நின்றுவிடும். சகாராப் பக்கமிருந்து ஷிரோக்கோ என்ற வெக்கைக் காற்று வீசும். எங்கட சோளகத்தை நினைத்துப் பாருங்கள், அதை அடுப்புக்குள்ளால் விட்டமாதிரி. 2023 ஜூலையில் பலெர்மோவில் 47 பாகை வரை போனது. சுற்றியிருந்த மலைகளில் தீ பிடித்து விமான நிலையத்தையும் சில மணிநேரம் மூடினார்கள். அப்படிப்பட்ட மாதங்களில் இந்தச் செடி மண்மட்டத்தில் ஒரு கட்டைத் தண்டாகச் சுருங்கிக் கிடக்கிறது. மேலே பார்த்தால் காய்ந்த புல்தான்.

முதல் மழை விழுந்ததும் இலைவட்டம் விரிகிறது, பூவும் வந்துவிடுகிறது. புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. மற்ற நாடுகளில் வசந்தம் என்று சொல்லும் வேலையை இங்கே இலையுதிர்காலம் செய்கிறது. இதைச் சொன்னபோது சின்னம்மா ஆச்சரியப்படவே இல்லை.

"இதில என்ன புதினம்? ஊரில ஐப்பசி மழைக்குப் பிறகுதானே தரை பச்சையாகிறது. இஞ்சையும் அப்பிடித்தான். நான் வந்த முதல் வருசமே பாத்தனான்."

யோசித்துப் பாருங்கள், சரிதானே. யாழ்ப்பாணமும் கோடை முழுக்கக் காய்ந்து கிடந்து, ஐப்பசி கார்த்திகை வாடையோடு வரும் மழையில்தான் முளைக்கிறது. பனி ஊர்களில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒக்டோபர் என்றால் இலை கொட்டுகிற மாதம். அது செடி எழும்புகிற மாதமாகவும் இருக்கலாம் என்று மகளுக்குப் புரியவைக்க ஒரு நாள் போனது.

இன்னொன்று, பூவைப் பற்றி. நாம் 'ஒரு டெய்சிப் பூ' என்று பிடுங்குவது ஒரு பூ அல்ல. அது ஒரு தெருவே நிறைந்த பூக்கள். நடுவில் மஞ்சளாகத் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் ஐந்து நுனியுள்ள குழல் வடிவப் பூ; ஆணும் பெண்ணும் அதிலேயே உண்டு. ஓரத்தில் வெள்ளை 'இதழ்' என்று நாம் நினைக்கும் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ, அது பெண் பூ மட்டும். பூச்சியைக் கூப்பிடுகிற விளம்பரப் பலகை வேலையையும் அதுதான் பார்க்கிறது. மஞ்சள் பூக்கள் எல்லாம் ஒரே நாளில் விரியாது. வெளி வட்டத்தில் தொடங்கி நாளுக்கு நாள் உள்ளே போகும். மஞ்சள் மேட்டை நகத்தால் நீளவாக்கில் பிளந்தால் உள்ளே கூம்பு வடிவ மேடை. பெல்லிஸ் இனத்தைக் காட்டிக்கொடுப்பதில் அந்தக் கூம்பும் ஒன்று.

இந்தக் குடும்பம் உங்களுக்குத் தெரியாததல்ல. சூரியகாந்தி, செவ்வந்தி எல்லாம் இதே ஆட்கள். ஊரில் வேலியோரம் வளர்ந்த கரிசலாங்கண்ணியை எடுத்து உற்றுப் பாருங்கள், அச்சொட்டாக ஒரு குட்டி வெள்ளை டெய்சி. வெட்டுக்காயப் பூண்டு என்று ஒன்று உண்டல்லவா, மூக்குத்திப் பூ என்றும் சொல்வார்கள், விழுந்து முழங்காலில் சிராய்த்தால் கசக்கிப் பிழிந்து விடுவார்களே, அதுவும் இந்தக் குடும்பம். ஐரோப்பாவில் சாதாரண டெய்சியை அடிபட்ட வீக்கத்துக்கும் கன்றலுக்கும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வேறு வேறு கண்டத்தில் இருந்த கிழவிகள் ஒரே குடும்பத்துச் செடியை ஒரே மாதிரியான காயத்துக்குத் தேடிப்போயிருக்கிறார்கள். (இதை வாசித்துவிட்டு மலையில் பிடுங்கிப் பூசவேண்டாம், மருந்துக்கடை இருக்கிறது.)

ஆனால் ஒரு வித்தியாசம். வெட்டுக்காயப் பூண்டின் விதைக்கு மயிர்க்குஞ்சம் உண்டு, ஊதினால் பறக்கும். பெல்லிஸின் விதைக்கு அது கிடையாது. தாய்ச் செடிக்குப் பக்கத்திலேயே விழும். அதிக தூரம் போகாத செடி. ஒரே இடத்தில் வருடக்கணக்காகக் கூட்டமாக நிற்பதைப் பார்த்தால் அதற்குக் காரணம் இதுவும்தான்.

இனிப் பெயருக்கு வருகிறேன். தாவரங்களின் லத்தீன் பெயருக்குப் பின்னால் ஒரு ஆளின் பெயர் நிற்கும், யார் முதலில் முறைப்படி விவரித்தார் என்று. சாதாரண டெய்சிக்குப் பின்னால் நிற்பவர் லின்னேயஸ், 1753. சில்வெஸ்ட்ரிஸுக்குப் பின்னால் நிற்பவர் சிரில்லோ. யார் இந்த சிரில்லோ என்று தேடப்போய்த்தான் அன்றிரவு நித்திரை போனது.

தொமெனிக்கோ சிரில்லோ 1739இல் நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் க்ரூமோ என்ற ஊரில் பிறந்தவர். வைத்தியர், தாவரவியலாளர். மிக இளம் வயதிலேயே நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர் ஆனார். லின்னேயஸோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அவர் பெயரில் 'சிரில்லா' என்று ஒரு அமெரிக்கச் செடியினமே இருக்கிறது. நேப்பிள்ஸ் அரச குடும்பத்துக்கு வைத்தியம் பார்த்தவர். தெற்கு இத்தாலியின் அரிய செடிகளைப் பற்றி இரண்டு பகுதிகளாக ஒரு நூல் வெளியிட்டார், முதலாவது 1788இல், இரண்டாவது 1792இல். அந்த இரண்டாம் பகுதியில்தான் நம்முடைய டெய்சி வருகிறது.

அவர் வைத்தியம் பார்த்த அந்த அரசன் நேப்பிள்ஸுக்கு நான்காம் பெர்டினாண்ட், சிசிலிக்கு மூன்றாம் பெர்டினாண்ட். ஒரே ஆள்தான், இரண்டு முடி, இரண்டு எண். பிரெஞ்சுப் படை நேப்பிள்ஸை நெருங்கியபோது 1798 மார்கழியில் அரசன் குடும்பத்தோடு நெல்சனின் கப்பலில் ஏறிப் பலெர்மோவுக்கு ஓடிவந்தான். 1799 தையில் நேப்பிள்ஸில் குடியரசு அறிவிக்கப்பட்டது. சிரில்லோ முதலில் தயங்கினார், பிறகு அதன் சட்டமியற்றும் குழுவில் சேர்ந்து தலைவரும் ஆனார். அங்கே போய் அவர் முன்வைத்த திட்டம் ஏழைகளுக்கான நிவாரண நிதி. குடியரசு ஆனி மாதம் விழுந்தது. சரணடைந்தால் உயிரோடு வெளியேற விடுவோம் என்று செய்த உடன்படிக்கை காற்றில் போனது. கப்பலில் கைதியாக இருந்தபடி பிரித்தானியத் தூதரின் மனைவி எம்மா ஹமில்டனுக்குக் கருணை கேட்டு எழுதினார். பலன் இல்லை. 1799 ஒக்டோபர் 29, நேப்பிள்ஸ் சந்தைச் சதுக்கத்தில் தூக்கிலிட்டார்கள். அறுபது வயது.

அந்தக் கலவரத்தில் அவர் வீட்டையும் கும்பல் சூறையாடியது. இருநூறு வருடம் பழைய, பெரான்தே இம்பெராத்தோ என்ற மருந்துவணிகர் சேர்த்து வைத்த உலர்த்திய செடிகளின் தொகுதிகள் அந்த வீட்டில்தான் இருந்தன. பல தொகுதிகளில் ஒன்று மட்டும் தப்பி இப்போது நேப்பிள்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த தலைமுறை எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த வரியை வாசித்து முடித்ததும் நான் கொஞ்சநேரம் திரையை மூடிவைத்தேன்.

சரி, இதற்கும் மொண்டெல்லோவுக்கும் என்ன சம்பந்தம்?

பலெர்மோ நகரத்திலிருந்து மொண்டெல்லோவுக்கு 806ஆம் இலக்க பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், வழியில் நீண்டதொரு பூங்காவுக்குள்ளால் போகும். ஃபவோரித்தா பூங்கா. மொன்டே பெல்லெக்ரினோவின் காலடியில், நானூறு ஹெக்ரேயர் அளவு. அதை உண்டாக்கியவன் இதே பெர்டினாண்ட். நேப்பிள்ஸிலிருந்து தப்பி வந்த கையோடு, 1799இல், வேட்டையாடவும் பயிர் வளர்த்துப் பார்க்கவும் இந்த நிலங்களைச் சேர்த்து எடுத்தான். சீனப் பாணியில் ஒரு விசித்திர மாளிகையும் கட்டவைத்தான், இன்றும் நிற்கிறது. ஒரே வருடம். அங்கே தன் பழைய வைத்தியரைத் தூக்கில் போட்ட அரசாங்கம், இங்கே பூங்கா. அந்தப் பூங்காவின் புல்லிலும் மேலே மலைச்சரிவிலும் ஒவ்வொரு ஐப்பசியும் பூத்து நிற்பது, தூக்கில் போடப்பட்டவர் பெயர் வைத்த செடி. ஐப்பசி நடுப்பகுதி, அதாவது அந்த ஒக்டோபர் 29 வரும் காலம்தான் அதன் பூக்காலமும். எழுதினால் யாரும் கதை கட்டியது என்றுதான் நினைப்பார்கள்.

அரசனுக்கும் ஒரு நியாயம் சொல்லவேண்டும், பூங்கா இல்லாவிட்டால் அந்த நிலமெல்லாம் இன்று கட்டிடமாகியிருக்கும். பலெர்மோவைச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மொண்டெல்லோவே ஒரு காலத்தில் நுளம்பு நிறைந்த சதுப்பு நிலம், சூரை மீன் பிடிக்கும் ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலத்தை வற்றவைத்து, 1910இல் ஒரு இத்தாலிய பெல்ஜியக் கம்பனி கையிலெடுத்த பிறகுதான் மாளிகை வீடுகளும், கடலுக்குள் நிற்கும் அந்தக் குளிப்பு மண்டபமும் வந்தன. அந்த மாளிகை வீடுகளில் ஒன்றில்தான் சின்னம்மா பல வருடம் வேலை செய்தார். பலெர்மோத் தமிழர்களில் பலரின் கதை அதுதான். எண்பதுகளில் தொடங்கி வந்தார்கள், வீட்டு வேலை, கிழவர்களைப் பார்க்கிற வேலை.

சின்னம்மா மலைக்கு இன்னும் ஏறுகிறார், அநேகமான ஞாயிறு காலை. மேலே குகைக்குள் சாந்த ரொசாலியா கோவில். 1624இல் கொள்ளைநோய் வந்தபோது நகரத்தைக் காத்ததாகப் பலெர்மோ மக்கள் நம்பும் புனிதை. எங்கட ஆட்கள் சைவர், கத்தோலிக்கர் என்று பார்க்காமல் போகிறார்கள். இத்தாலியர்களே அதை ஒரு அதிசயமாக எழுதியிருக்கிறார்கள். நாங்களும் அந்த ஞாயிறு கூடவே ஏறினோம். கல் பதித்த பழைய பாதை, வளைந்து வளைந்து போகும். பாதையோரத்தில் வெள்ளையாகப் பூ.

"இத்தனை வருசமா இதைத் தாண்டித்தானே போறன்" என்றார் சின்னம்மா. "பூவெண்டு தெரியும். ஆரெண்டு தெரியேல்ல."

மகள் அவருக்கு மூன்று நரம்பைக் காட்டிக் கொடுத்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். பிறகு மகள் என்னைப் பார்த்துக் கேட்டாள், பூவுக்குப் பெயர் வைத்த மாமாவை ஏன் கொன்றவை என்று. நான் அரசன், குடியரசு, பிரெஞ்சுப் படை என்று தொடங்கினேன். சின்னம்மா இடையில் வெட்டினார்.

"ராசாவுக்குப் பிடிக்காத பக்கம் நிண்டவர், பிள்ளை. நட, வெயில் ஏறுது."

போக நினைப்பவர்களுக்கு: ஐப்பசி நடுவிலிருந்து கார்த்திகை முடிய நல்ல காலம், மழை பெய்து ஒரு கிழமைக்குப் பிறகு என்றால் இன்னும் நல்லது. காலை ஒன்பது மணிக்கு முன் போனால் பூந்தலைகள் பாதி மூடிக் கிடக்கும். இந்தப் பூக்கள் இரவிலும் மழையிலும் கூம்பிவிடும், ஆங்கிலத்தில் டெய்சி என்ற சொல்லே 'பகலின் கண்' என்பதிலிருந்து வந்தது. மலை பாதுகாக்கப்பட்ட பகுதி, அதனால் பிடுங்க வேண்டாம், பிள்ளைகளிடம் ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுங்கள், போதும். படம் பிடித்தால் மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, இலைக்கு ஒன்று என்று மூன்று பிடியுங்கள்.

நாங்கள் திரும்பி வந்து இரண்டு கிழமை கழித்து சின்னம்மாவிடமிருந்து வட்ஸப்பில் ஒரு படம் வந்தது. பூ அதில் இல்லை. மலையில் எடுத்த ஒரு இலை, அடிப்பக்கம் திருப்பி, விரல் நுனியில் பிடித்தபடி. கூடவே ஒரு குரல் செய்தி, மகளுக்கு: "எண்ணிப் பார், மூண்டு இருக்கோ?"